தேங்காய் நுழையாத இடைவெளி

சஃபியுல்லாவின் பட்டறையில் கம்பியும் தகடும் வெல்டிங் மிஷினும் தரையில் கிடக்கும். ஆணியில் பத்திரமாகத் தொங்குவது ஒரு மஞ்சள் பை மட்டும்தான். அதற்குள் நார் உரித்து, குடுமி எடுத்த தேங்காய் ஒன்று இருக்கும். குறுக்கே அளந்தால் மூன்றே முக்கால் அங்குலம். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. மாதம் ஒரு முறை பழையது வீட்டுச் சமையலுக்குப் போய்விடும். புதியது வாங்க அவன் இஞ்ச் டேப்போடு கடைக்குப் போவான். குவியலைக் கிளறி ஒவ்வொன்றாக அளப்பதைப் பார்த்துக் கடைக்காரர், "என்னா பாய், சட்னி அரைக்கவா, சட்டை தைக்கவா?" என்று கேட்பார். அவன் சிரிக்கமாட்டான்.

மாடிப்படிக்கோ பால்கனிக்கோ கம்பி அடைத்து முடித்ததும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்து, அந்தத் தேங்காயை ஒவ்வொரு இடுக்கிலும் வைத்துத் தள்ளுவான். எங்காவது நுழைந்தால் அந்தக் கம்பியை அறுத்துவிட்டு மறுபடி வைப்பான். சின்னப் பிள்ளையின் உடம்பு புகுந்துவிடும் இடத்தில் தலை புகாது; உடம்பு வெளியே தொங்க, தலை மாட்டிக்கொள்ளும். அந்த உடம்பே புகாத அளவுதான் அவனுடைய தேங்காய். குழாயைப் படுக்கைவாட்டில் வரிசையாக ஓட்டித் தரச் சொல்லி யாராவது படத்தைக் காட்டினால், "இது கைப்புடி இல்லங்க, ஏணி. ஒங்க புள்ள இதுல ஏறித்தான் கீழ குதிக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் சாலையில் அவனுக்கு 'தேங்காய் சஃபி' என்றுதான் பெயர். கோபக்காரன் என்பதும் கூடவே வரும். இரண்டுமே ஒரே நாளில் வந்த பெயர்கள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். மீன்பிடிப் படகுகளுக்குப் பற்றவைக்கும் பட்டறையில் தொழில் பழகி, இருபத்து மூன்று வயதில் ஷார்ஜா போனான். அங்கே மாடிக் கம்பி வேலை. அவன் வேலை பார்த்த கட்டடத்தில், கம்பி அடைத்து முடித்த ஒவ்வொரு மாடிக்கும் ஓர் அதிகாரி வருவார். அவர் கையில் ஒரு கோல், அதன் நுனியில் ஓர் உருண்டை. கம்பி இடுக்கில் உருண்டையை விடுவார். நுழைந்தால் அந்த வரிசை முழுவதையும் கழற்றச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சஃபியும் அவனோடு இருந்தவர்களும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பி, சொந்தப் பட்டறை போட்டபோது அவனுக்கு உருண்டையும் நினைவில்லை, அந்த அதிகாரியும் நினைவில்லை. இங்கே அதையெல்லாம் கேட்பார் யாருமில்லை.

இங்கே கேட்பது தெருவாசல் இரும்புக் கதவைத்தான். வீடு பாதி நிற்கும்போதே கதவுக்கு டிசைன் சொல்லிவிடுவார்கள். குடிபோகிற அன்று தெருவே அதைத்தான் பார்க்கும், போட்டோவும் அதன் முன்னால்தான் எடுப்பார்கள். மாடிப்படிக் கம்பி கடைசி வேலை. விழாவுக்குப் பிறகு, மெதுவாக, கை ஓய்ந்தபோது.

விழிதியூரில் சிவராமன் என்ற ஆசிரியர் வீடு கட்டினார். ஏழு வருடம் ஆகிறது. சஃபி இரண்டு மயில் வைத்த கதவைச் சொன்ன நாளில் மாட்டிக் கொடுத்தான். மாடிப்படிக் கம்பிகள் அளவுக்கு அறுத்து, பற்றவைக்காமல், அவன் பட்டறையில் ஓர் ஓரமாகக் கட்டிக் கிடந்தன. குடிபோன அன்று வீட்டில் எழுபது பேர். சிவராமனின் மகள் அல்லிக்கு மூன்று வயது. அம்மா, அத்தையிடம் இருக்கிறாள் என்று நினைத்தாள். அத்தை, அப்பாவிடம் இருக்கிறாள் என்று நினைத்தாள். அல்லி எட்டடி உயரத்திலிருந்து புதுத் தரையில் விழுந்தாள்.

சஃபி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். சிவராமன் அவனைத் திட்டவில்லை. "கதவு நல்லா இருக்குன்னு எல்லாருமே சொன்னாங்க தம்பி" என்றார். 

அல்லி பிழைத்தாள். இப்போது பத்து வயது. இடது காலை இழுத்து நடக்கிறாள், இடது கையில் பென்சில்கூட நிற்காது. விழிதியூர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போது பள்ளி விடும் நேரமாக இருந்தால் சஃபி வண்டியைச் சுற்று வழியில் திருப்பிவிடுவான்.

அன்றிலிருந்து அவன் பட்டறையில் முதலில் மாடிப்படி, பிறகுதான் வாசல். படிக்கம்பி மாட்டாத வீட்டுக்கு அவன் கதவு போகாது. முகூர்த்தம் என்றாலும் சரி, பாத்திஹா ஓதும் நாள் என்றாலும் சரி. பாதி வாடிக்கை போய்விட்டது. அவன் மனைவி நௌஷின், "ஊரு புள்ளைக்கெல்லாம் நீங்கதான் வாப்பாவா?" என்று ஒருமுறை கேட்டாள். "ஆமா, அவனவன் வாப்பா போட்டோவுக்கு நிக்கிறானே, வேற யாரு பாக்குறது?" என்றான்.

இப்படிப்பட்டவனுடைய அக்கா வீட்டிலேயே அது நடந்தது என்பதுதான் விஷயம்.

அக்கா கமர் நிஷா, அவன் 'லாத்தா' என்று கூப்பிடுபவள், அவனுக்கு நான்கு வயது மூத்தவள். அவளுடைய மச்சான், அதாவது கணவர், அலாவுதீன் பதினான்கு வருடமாகத் துபாயில் ஒரு ஹோட்டலில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை ஆஃப்ரின். வயது இரண்டு. நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும்.

நம் பக்கத்தில் வீடு முடிந்து குடிபோவதில்லை. லீவு முடிவதற்குள் குடிபோகிறோம். அலாவுதீனுக்கு முப்பது நாள் லீவு. அதில் இருபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. அந்த லீவை விட்டால் மறுபடி இரண்டு வருடம். ஆகவே தேதி நின்றது, வீடு அதற்குள் ஓடி வரவேண்டியதாயிற்று. பெயின்ட் ஒரு கை குறைந்தது. மாடி பாத்ரூமுக்குக் கதவு வரவில்லை. மாடிப்படிக்குக் கம்பி இல்லை.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை சஃபி வாசல் கதவுக்கு அளவு சரிபார்க்கப் போனான். இரட்டைக் கதவு, ஒவ்வொன்றும் ஐந்தடி அகலம். ஒன்றில் 'கமர்' என்றும் மற்றதில் 'இல்லம்' என்றும் எழுத்து வெட்டியிருந்தான். படிக்கம்பிக்கு மூன்று வாரம் முன்பே அளவு எடுத்துக் கொடுத்தாயிற்று, சரி என்று சொல்லிவிட்டார்கள், இனி செய்து மாட்டுவதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தவன், கூடத்தில் நின்றுவிட்டான்.

படிகள் பதினேழும் கறுப்பு கிரானைட்டில் முகம் தெரியப் பளபளத்தன. மேல்பக்கம் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் கல் ஒட்டியிருந்தது. ஒரு புறம் சுவர். மறுபுறம் கூடத்தைப் பார்த்து வெறும் வெளி. அந்த வெளியில், கீழிருந்து மேல்வரை, படகில் கட்டுகிற மஞ்சள் நைலான் கயிறு ஒன்று தொய்ந்து கிடந்தது.

"இது என்னா மச்சான்?"

"தற்காலிகத்துக்கு மாப்புள" என்றார் அலாவுதீன். "எங்க ஹோட்டல்ல இருக்கே, கண்ணாடி வச்ச கைப்புடி, அதே மாதிரி நானே வாங்கி கார்கோல போடப் போறேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த லீவுல மாட்டிடலாம்."

"நான் அளவு எடுத்த கம்பி?"

"இரும்புக் கம்பிக்கு இந்தக் கல்லுல பதினெட்டு ஓட்டை போடணும்கிறியே. அப்புறம் கண்ணாடிக்கு வேற எடத்துல ஓட்டை. கல்லு என்னத்துக்கு ஆவும்? சல்லடையா போயிடும்."

சஃபி கயிற்றை இரண்டு விரலால் தூக்கினான். அது அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. "ஆஃப்ரின் இதுக்குக் கீழ குனியாமலே போவா."

"நாங்க இத்தன பேரு பாத்துக்க மாட்டோமா?"

அந்த வார்த்தைதான். சஃபி கயிற்றை விட்டெறிந்தான். "இத்தன பேரு பாத்தா யாரும் பாக்கலன்னு அர்த்தம் மச்சான். நீங்க வேலை பாக்குற ஊர்ல, இப்புடி ஒரு வீட்டுல ஆளைக் குடிவைக்க விடுவானா? சொல்லுங்க. அங்க கையக் கட்டிக்கிட்டு ரூல் பேசுறீங்க. இங்க வந்தா கயிறு கட்டுறீங்க."

"எங்க ஊட்டுப் புள்ளைக்கு ஒன்னும் ஆவாது. எதுக்கு நல்ல காரியத்துல போயி அபசகுனமா பேசுற?"

சஃபி மஞ்சள் பையைத் திறந்தான். தேங்காயை எடுத்துக்கொண்டு ஒன்பதாவது படிக்கு ஏறினான். கமர் நிஷா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அவன் தேங்காயைப் படியின் விளிம்பில் வைத்து, ஒரு விரலால் தொட்டான்.

ஐந்தேகால் அடிதான். தேங்காய் தரையில் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் அலாவுதீனின் புதுக் கைலியில் தெறித்தது. ஒரு மூடி உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. ஆஃப்ரின் கைதட்டிச் சிரித்துக்கொண்டு அதை எடுக்க ஓடினாள்.

கமர் நிஷா பாய்ந்து வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "போதும் சஃபி" என்றாள்.

அலாவுதீன் நனைந்த கைலியை உதறினார். "புது வீட்டுல தேங்கா ஒடைக்க நீ என்னா பூசாரியா? எறங்குடா கீழ. வியாழக்கிழமைக்குள்ள கதவு வரணும். இல்லன்னா வேற ஆள வச்சு மாட்டிக்கிறேன். உன் கம்பியும் வாணாம், உன் தேங்காயும் வாணாம்."

சஃபி போய்விட்டான்.

வண்டியில் போகும்போது அவனுக்கு மச்சான் மேல் இருந்த கோபம் குறையவில்லை, கூடியது. அவரைப் புரியாமல் இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆறு பேர் படுக்கும் அறையில், மேல் கட்டிலில், பதினான்கு வருடம் படுத்தவர். அந்த ஹோட்டலின் கறுப்புக் கல் படிகளைத் தினம் மூன்று முறை துடைத்தவர். தான் துடைக்கவேண்டாத, தனக்கே சொந்தமான ஒரு கறுப்புக் கல் படி வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்தக் கல்லில் ட்ரில் இறங்குவதை அவரால் தாங்கமுடியாது என்பது சஃபிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அவன் பல்லைக் கடித்தான். கல் மேல் இத்தனை பாசம் வைக்கத் தெரிந்த மனுஷன்!

புதன்கிழமை முழுவதும் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்தான். அன்று வந்த இரண்டு பேரையும் முகம் பார்க்காமலே அனுப்பினான். அக்கா வீட்டு மாடிப்படிக்கு ஒன்பது நிறுத்துக் கம்பி, இடையில் அரை அங்குலச் சதுரக் கம்பிகள், மேலே கைப்பிடி. யாரும் கேட்காத வேலை. கேட்ட வேலையான வாசல் கதவும் பெயின்ட் காய்ந்து சுவரில் சாய்ந்து நின்றது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அலாவுதீன் கறிக்குச் சொல்லக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், சஃபி மினி லாரியில் கதவை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். கூட வந்த இரண்டு லோடுமேன்கள் வாசல் தூணருகே கதவை வைக்கப் போனார்கள்.

"அங்க இல்லண்ணே. உள்ள கொண்டாங்க."

"உள்ளயா? வாசக் கதவு வாசல்லதான பாய் இருக்கும்?"

"இந்த வீட்டுல உள்ளதான்."

'கமர்' என்ற கதவை மாடிப்படியின் முன்னால் நிறுத்தினான். மூன்றரை அடி அகலப் படிக்கு ஐந்தடிக் கதவு தாராளமாக மூடியது. 'இல்லம்' என்ற கதவைப் படியின் திறந்த பக்கத்தில், கூடத்தை ஒட்டி நிறுத்தினான். அது ஆறாவது படிவரை மறைத்தது. அதற்குமேல் தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். இரண்டு வயதுப் பிள்ளையின் கை எட்டாது. இரண்டும் சேரும் மூலையை கிளாம்ப் போட்டு இறுக்கினான். முன்கதவைப் பக்கத்து ஜன்னல் கிரில்லோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். கல்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதிலும் கவனமாக இருந்தான். அடியில் சாக்கை மடித்து வைத்திருந்தான்.

கமர் நிஷா இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சஃபி பூட்டுச் சாவியை அவளிடம் நீட்டினான்.

"லாத்தா, நான் சொல்லவேண்டியது செவ்வாக்கெழமையே சொல்லிட்டேன். இனிமே உன் கையில. நாளைக்குக் கூட்டத்துல இதைத் தொறக்கணும்னு உனக்குத் தோணுச்சுன்னா தொறந்துக்க. நான் வந்து ஏன்னு கேக்கமாட்டேன். வரவும் மாட்டேன்."

அவள் சாவியை வாங்கித் முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். "உன் வாயிக்கு ஒரு பூட்டு போட்டா தேவல" என்றாள்.

சஃபி கிளம்புமுன்பே அலாவுதீன் வந்துவிட்டார்; வாசல் பொக்கையாக இருந்தது. கூடத்தில் கதவு நின்றது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். நாளைக்குப் பெண்களுக்குச் சாப்பாடு மாடியில். ஐம்பது பேர் எப்படி ஏறுவது? தெருவில் என்ன சொல்வார்கள்? வாசலில் கதவில்லாத வீட்டுக்கு யாராவது குடிபோவார்களா?

"சாவியக் குடு நிஷா."

"தரமாட்டேன்."

"என்னாது?"

"தரமாட்டேன்னு சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. ஆனால் சஃபிக்குத் தெரிந்த குரல் அது. சின்ன வயதில் இந்தக் குரல் வந்தால் அவன் ஓடி ஒளிந்துகொள்வான். "முப்பதாம் நாளு நீங்க ஏரோப்ளேன் ஏறிடுவீங்க. அப்புறம் நான் ஒருத்தி. சோறு வடிப்பேனா, துணி தொவைப்பேனா, இவ பின்னாலயே ஓடுவேனா? தொழுவ நிக்கிறப்ப யாரு பாப்பா? கயிறா பாக்கும்? ஒன்பது வருஷம் எத்தன ஆஸ்பத்திரி, எத்தன துஆ? நீங்களும்தான அழுதீங்க? நாளைக்கு எல்லாரும் கீழயே சாப்புடட்டும். எடம் பத்தலன்னா ரெண்டு பந்தி."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு சாப்டுட்டுப் போவட்டும்."

அலாவுதீன் சஃபியின் பக்கம் திரும்பினார். "சந்தோஷமா? என் வீட்டுல என்னையே வெளியாளாக்கிட்டீல்ல?"

"ஒங்களுக்கு சந்தோஷம் வேணுமா, புள்ள வேணுமான்னுதான் மச்சான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு சஃபி லாரியில் ஏறினான்.

வெள்ளிக்கிழமை ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்கள் கதவில்லாத தூண்களுக்கு நடுவே நுழைந்து, கூடத்தில் கதவைக் கண்டு வாயில் கையை வைத்தார்கள். "கதவு வழி தவறி உள்ள வந்துடுச்சா?" என்றார் ஒருவர். "மாடிக்குத் தனியா கரண்டு பில்லா?" என்றார் இன்னொருவர். பாத்திஹா ஓத வந்த ஆலிம்சா மட்டும் கதவையும் பார்த்தார், அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் ஆஃப்ரினையும் பார்த்தார், உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒன்றும் மாடி ஏறவில்லை. சாப்பாடு இரண்டு பந்தியாக நடந்தது.

சஃபி சொன்னபடி வரவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, மாலை அசர் பாங்கு சொல்லும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அடிக்கவில்லை. அடிக்காததுதான் நல்ல செய்தி என்று அவனுக்குத் தெரியும். 

சனிக்கிழமை காலை கமர் நிஷா போனில் பேசினாள். "வரச் சொல்றாரு. ட்ரில்லு புதுசா இருக்கணுமாம். ஓட்டை ஓரம் செதறக்கூடாதாம்."

"அவரு சொன்னாரா?"

"என்கிட்ட எங்க பேசுறாரு? சொவத்தப் பாத்து சொன்னாரு."

போனான். அலாவுதீன் சலாத்துக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ட்ரில் கல்லைத் தொட்டதும் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் குந்தினார். கல் சூடேறி வெடிக்காமல் இருக்கத் துளித்துளியாக ஊற்றினார். பதினெட்டு ஓட்டைக்கும் அவரே ஊற்றினார். ஒவ்வொரு முறை கறுப்புச் சேறு வழியும்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். மத்தியானத்துக்குள் கம்பி நின்றுவிட்டது.

சஃபி புதுத் தேங்காயை எடுத்தான். அலாவுதீன் கையை நீட்டினார். "இங்க குடு."

கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு இடுக்காக வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினார். வெறி வந்தவர் மாதிரி தள்ளினார். போகவில்லை, போகவில்லை, போகவில்லை. பன்னிரண்டாவது படியில், கைப்பிடி திரும்பும் மூலையில், தேங்காய் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. நல்லவேளை, பிடித்துவிட்டார்.

"இந்தா! போயிடுச்சு! இது யாரு பாத்த வேலை மாப்புள? ஊருக்கெல்லாம் ரூலு பேசுற, இது யாரு பாத்த வேலை?"

சஃபி டேப்பை வைத்தான். நாலேகால் அங்குலம். புதன்கிழமை, கோபத்தில், மச்சானை மனதுக்குள் திட்டிக்கொண்டே பற்றவைத்த மூலை. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.  கட்டிங் மிஷினை எடுத்து அந்தக் கம்பியை அறுத்தான். பட்டறைக்குப் போய் இரண்டு கம்பி கொண்டுவந்து, நெருக்கிப் பற்றவைத்து, தேங்காயை மறுபடி மச்சான் கையிலேயே கொடுத்தான். அவர் மூன்று முறை தள்ளிப் பார்த்தார். போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கூடத்திலிருந்த கதவு வாசலுக்குப் போயிற்று. அதன் முன்னால் போட்டோ எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

கமர் நிஷா தேநீர் கொண்டுவந்தபோது மாடிப்படியில் பெரிய கூப்பாடு. படியின் அடியிலும் சஃபி ஒரு சின்னக் கதவு வைத்திருந்தான், கொண்டி படிப்பக்கம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். ஆஃப்ரின் அதன் கம்பி இரண்டுக்கு நடுவே முகத்தை அழுத்தி, ஒரு தோளை நுழைத்துப் பார்த்து, முடியாமல், காலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கம்பி பதிந்திருந்தது. கமர் நிஷா தூக்கப் போனாள்.

"இரு லாத்தா" என்றான் கதவுக்கு உள்ளே படியில் உட்கார்ந்திருந்த சஃபி. "அழுவட்டும். இன்னும் நல்லா தள்ளிப் பாக்கட்டும்."

ஆஃப்ரின் மாமாவைப் பார்த்து, கையில் அகப்பட்ட செருப்பை வீசினாள். அது கம்பியில் பட்டு அவள் பக்கமே விழுந்தது.